டாக்டர் ஆண்ட்ரூ பெல்லும் சென்னை முறையும்

விஜயதசமி நன்னாளில் திருவண்ணாமலையின் மாடவீதிகளிற் செல்வோர், புத்தாடை உடுத்த சிறு குழந்தைகள் தந்தையின் மடியில் அமர்ந்து, தாம்பாளத்திற் பரப்பிய அரிசியின்மீது ஆள்காட்டி விரலால் அகரம் வரையும் காட்சியைப் பல இல்லங்களிற் காணலாம். அவ்விரலைப் பற்றி நடத்தும் பெரியவர்களுக்கு அஃது ஒரு சடங்கு. எழுத்தறிவிக்கும் ஒரு முறையும் அதனுள் அடங்கியிருப்பது அவர்தம் நினைவிற்கு வருவதில்லை. முற்காலத்திலோ அஃது ஒருநாட் சடங்காக நின்றுவிடவில்லை. நம் கோயிலூர்களிலும் சிற்றூர்களிலும் இருந்த திண்ணைப் பள்ளிகளில் மணலைப் பரப்பி, அம்மணலிலேயே பிள்ளைகள் மாதக்கணக்கில் எழுதிப் பழகினர். அந்த மணல் ஸ்காத்லாந்து நாட்டுப் பாதிரியார் ஒருவர் கண்ணிற் பட்டது. பட்டதன் பயனாக, எழுத்தறிவிக்கும் முறையொன்று சென்னையின் பெயரைத் தாங்கி மேனாடுகளெங்கும் பரவிற்று. உபாத்தியாயர்களைப் பயிற்றுதல் என்னும் தொழிலும் அதனோடு பெரிதும் வளர்ந்தது. அப்பாதிரியாராகிய டாக்டர் ஆண்ட்ரூ பெல் அவர்களின் வரலாற்றை ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

பெல் 1753-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 27-ஆம் நாள், ஸ்காத்லாந்தின் கீழ்கரையிலுள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் பழைய நகரிற் பிறந்தார். தந்தையார் முடிதிருத்தும் தொழிலினர். எனினும் இயந்திர நுட்பங்களில் நாட்டமும், ஊராரிடையே மதிப்பும் உடையவர். மைந்தர் அவ்வூர்ப் பல்கலைக்கழகத்திலேயே சேர்ந்து, கணிதத்திலும் இயற்கைப் பொருள் நூலிலும் சிறந்து விளங்கினார். 1774-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்குச் சென்று, கார்ட்டர் பிராக்ஸ்டன் என்னும் செல்வரின் மக்களுக்கு ஆசிரியராயிருந்தார். புகையிலை வாணிபத்திலும் சிறிது பொருள் ஈட்டினார். 1781-இல் தாயகம் திரும்புகையில் அவர் ஏறிய கப்பல் கரைதட்டி உடைய, உயிர்தப்பி ஊர் சேர்ந்தார். பின்னர் இங்கிலாந்துத் திருச்சபையிற் குருப்பட்டம் பெற்று, எடின்பரோவை அடுத்த லீத் நகரில் சில காலம் ஊழியம் செய்தார். வருவாய் போதவில்லை. அக்காலத்தில் வருவாய் போதாத இளைஞர் பலரும் நோக்கிய திசையையே அவரும் நோக்கினார்.

1787-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவர் சென்னையில் வந்திறங்கினார். கல்கத்தா செல்வதே அவரது கருத்து. ஆயினும் சென்னையிலேயே தங்கிவிட்டார். தங்கியது வீண்போகவும் இல்லை. கும்பெனிப் படைகளுக்குரிய குருமார் பதவிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பெற்று, ஏககாலத்தில் எட்டுப் பதவிகளின் ஊதியத்தை வாங்கிவந்தார். இயற்கைப் பொருள் நூல் குறித்துக் கருவிகளைக் காட்டிச் சொற்பொழிவுகள் ஆற்றிக் கட்டணமும் பெற்றார். பொருளில் அவருக்கிருந்த பற்றை மறைத்துப் பேசுவதிற் பயனில்லை. அதனை அறிந்தாலன்றி, அடுத்து அவர் செய்ததன் அருமை விளங்காது.

1789-இல் எழும்பூர்க் கோட்டையில் ஆண்பிள்ளைகளுக்கான படைவீரர் அநாதைச் சாலை ஒன்று தொடங்கப்பெற்றது. ஐரோப்பியப் படைவீரர்களுக்கு இந்நாட்டுப் பெண்டிர் வயிற்றிற் பிறந்து, தந்தையரை இழந்தோ தந்தையராற் கைவிடப்பட்டோ திரிந்த சிறுவர்களே அதிற் பெரும்பாலோர். அதன் மேற்பார்வைப் பொறுப்பை ஏற்ற பெல், அதற்கென விதித்த ஊதியத்தை வேண்டாவென மறுத்துவிட்டார். எட்டு ஊதியங்களை வாங்கிக்கொண்டிருந்தவர், நாள் முழுதும் உழைப்பை வேண்டிய இவ்வொரு பணியை மட்டும் கைம்மாறு கருதாது செய்தார்.

அப்பணி எளிதாயிருக்கவில்லை. சாலையில் அமர்ந்த உபாத்தியாயர்கள் கற்பித்தலிற் பயிற்சி இல்லாதவர்கள், அடிப்பதொன்றே அறிந்தவர்கள். ஆங்கிலப் பள்ளிகளில் அந்நாள் வழக்கம், எழுத்துகளின் பெயரை முதலில் மனனம் செய்வித்து, பிறகு எழுத்துக்கூட்ட வைத்து, பிறகு படிக்கப் பழக்குவது. எழுதுதல் பின்னர் வரும். ஏழைப் பிள்ளைகள் பலருக்கு அது வருவதே இல்லை. எழும்பூரிலும் அவ்வாறே நடந்தது. அரிச்சுவடி வகுப்பிலேயே மாதங்கள் கழிந்தன, பிள்ளைகள் முன்னேறவில்லை.

ஒருநாட் காலை பெல் குதிரைமீது உலவச் சென்றவர், ஒரு தமிழ்ப் பள்ளியைக் கடந்து போனார். அக்கால ஆங்கிலேயர் தமிழரை மலபாரிகள் என்றே குறித்தனர். பெல்லும் அதனை மலபார்ப் பள்ளி என்றே எழுதி வைத்தார். அங்கே சிறுவர்கள் தரையில் அமர்ந்து, எதிரே பரப்பிய மணலில் விரலால் எழுத்துகளை எழுதிக்கொண்டிருந்தனர்.

அவர் கண்டது இன்னதென்பதை நாம் நன்கறிவோம். திண்ணைப் பள்ளியில் மாணாக்கன் எழுத்தின் ஒலியை உரக்கச் சொல்லிக்கொண்டே அதன் வடிவத்தை மணலில் வரைவான். வாய் சொல்லும், செவி கேட்கும், கண் காணும், விரலின் தோல் வடிவத்தை உணரும். பிழைபட்டால் உள்ளங்கையால் ஒருமுறை தடவிவிட்டு மீண்டும் எழுதலாம். ஓலையும் வீணாகாது, பிழையின் சுவடும் எஞ்சாது. கையில் எழுத்தாணி பிடிக்கும் வலிவு வந்த பின்னரே பனையோலை வரும். முதல் வகுப்புப் பிள்ளைகளின் விரலைப் பிடித்து நடத்துவதும், பாடம் ஒப்புவிக்கக் கேட்பதும் பெரும்பாலும் சட்டாம்பிள்ளையின் வேலை. ஆசிரியர் ஒருவர், பிள்ளைகளோ பலர். ஆதலின் மூத்தவன் இளையவனுக்குக் கற்பித்தான். எழுத்தும் வாசிப்பும் இரண்டு கல்விகள் என்று நம் முன்னோர் எண்ணினாரில்லை. எழுதுவதனாலேயே எழுத்தை அறிந்தனர்.

பெல் குதிரையைத் திருப்பிக்கொண்டு சாலைக்கு விரைந்தார். அரிச்சுவடி வகுப்பை அவ்வாறே நடத்துமாறு அதன் உபாத்தியாயருக்குக் கட்டளையிட்டார். அவர் அதனைச் செய்தாரில்லை. முடியாதென்று எண்ணினாரோ, தம் தகுதிக்கு அது குறைவென்று கருதினாரோ, எப்படியாயினும் காரியம் நடக்கவில்லை. சலித்துப்போன பெல், ஓரளவு படிக்கத் தெரிந்த ஜான் ஃபிரிஸ்கின் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, மணலில் எழுதும் முறையை அவனுக்குக் காட்டி, அவ்வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். அவன் ஒரு சாதாரணப் படைவீரனின் மகன். உபாத்தியாயரால் ஆகாதென்றிருந்தது அச்சிறுவன் கையில் ஆயிற்று. பிள்ளைகள் விரைவில் எழுத்தறிந்தனர். பெல் மற்றை வகுப்புகளுக்கும் அவ்வாறே சிறுவர்களை நியமித்தார். சில ஆண்டுகளில், ஏறக்குறைய இருநூறு பிள்ளைகளைக் கொண்ட அச்சாலையின் கற்பித்தல் முழுதும் பிள்ளைகளாலேயே நடந்தது. ஏழு வயது முதற் பதினான்கு வயது வரை உள்ளவரே அங்கு ஆசிரியர்.

ஃபிரிஸ்கினின் வெற்றிக்குக் காரணம் யாதென்று ஆராய்ந்தால், பெல்லின் சிறப்பு ஒருவாறு புலனாகும். அச்சிறுவன் நேற்றுக் கற்றதை இன்று கற்பித்தான். எவ்விடத்தில் இடறுவார்கள் என்பது அவனுக்கு நினைவிருந்தது. அது மட்டுமன்று. அவனுக்கு இன்னது செய்க என்று பெல் திட்டமாகக் கூறியிருந்தார். பாடங்களைச் சிறு சிறு கூறாகப் பிரித்தார். நீண்ட சொற்களை அசைகளாகப் பகுத்துப் படிக்கச் செய்தார். ஒரு பாடம் ஐயமறக் கைவந்தாலன்றி அடுத்ததற்குப் போகக்கூடாதென விதித்தார். ஒவ்வொரு நாளும் படித்தது எவ்வளவு என்பதைக் குறித்து வைக்க ஏடு ஏற்படுத்தினார். தவறு செய்தவனை அடிப்பதற்குப் பதிலாக அவன் பெயரைக் கரும்புத்தகம் என்னும் ஏட்டிற் பதிந்து, உடன்பயிலும் பிள்ளைகளையே நடுவராக்கி விசாரித்தார். முன்னே ஆகாதென்றிருந்த உபாத்தியாயர்களை அவர் முற்றும் நீக்கிவிடவில்லை. கற்பிக்க வேண்டா, பிள்ளைகள் கற்பிப்பதைக் கண்காணித்தால் போதும் என்று அவர்கள் வேலையை மாற்றியமைத்தார். அப்பிள்ளைகளில் மூத்தவனாகிய வில்லியம் ஸ்மித், திப்பு சுல்தானின் பிணைப்புதல்வர்கள் 1794-இல் தந்தையிடம் திருப்பி அனுப்பப்பட்டபோது உடன்சென்று, சுல்தான் முன்னிலையில் இயற்கைப் பொருட் கருவிகளை இயக்கிக் காட்டினான். அநாதைச் சாலைச் சிறுவன் அரசவையில் ஆசிரியனாய் நின்றது பெல்லுக்கு வாழ்நாள் முழுதும் சொல்லிச் சொல்லி மகிழ்தற்குரிய செய்தியாயிற்று.

ஒன்று சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது. அப்பிள்ளைகளை அவர்தம் தாய்மாரின் சேர்க்கையினின்று பிரித்து வளர்ப்பதே சாலையின் நோக்கங்களுள் ஒன்று. அத்தாய்மாரைப் பற்றிப் பெல் கொண்டிருந்த எண்ணமும் மிகத் தாழ்ந்தது. தாயின் மொழியும் வழக்கமும் பிள்ளைகளைக் கெடுக்கும் என்று நம்பினவர், அத்தாயின் ஊர்ப் பள்ளியிலிருந்தே அப்பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் வழியைப் பெற்றுவந்தார். இம்முரண்பாட்டை அவர் உணர்ந்ததாகத் தோன்றவில்லை.

உடல்நலங் குன்றி 1796-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவர் சென்னையை விட்டகன்றார். அடுத்த ஆண்டே, எழும்பூரிற் செய்த கல்விச் சோதனையைப் பற்றிச் சிறு நூலொன்றை இலண்டனில் வெளியிட்டார். அதனைப் படித்தவர் சிலரே. எனினும் 1798-இல் இலண்டன் ஆல்ட்கேட் பகுதியிலுள்ள செயின்ட் பொட்டால்ஃப் தருமப் பள்ளியும், பின்னர் வட இங்கிலாந்தின் கெண்டல் நகரப் பள்ளிகளும் அம்முறையைக் கைக்கொண்டன. அதற்குச் சென்னை முறை என்றே பெயர் வழங்கிற்று. பெல் 1801-இல் ஸ்வானேஜ் என்னும் கடற்கரையூரின் குருவானார். அங்கே அம்மை குத்துதலைப் பரப்பினார், வைக்கோற் பின்னலை ஏழைகளுக்கு ஒரு தொழிலாக்கினார், பள்ளிகளும் நடத்தினார். 1800-இற் செய்துகொண்ட திருமணம் மட்டும் இனிது நடவாது, சில ஆண்டுகளிற் பிரிவில் முடிந்தது.

இதற்கிடையில் ஜோசப் லங்காஸ்டர் என்னும் குவேக்கர் இளைஞர், 1798 முதல் இலண்டன் சவுத்வார்க்கில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி, மாணாக்கரைக் கொண்டே மாணாக்கருக்குக் கற்பிக்கும் முறையைப் பெரிய அளவிற் செய்து காட்டினார். பெல்லின் நூலால் தாம் பெற்ற நன்மையை முதலில் அவர் தாமே எழுதி ஒப்புக்கொண்டார். 1804-இல் ஸ்வானேஜ் சென்று பெல்லைக் கண்டும் வந்தார். அப்பால் இருவருடைய நண்பர்களும் இரு கட்சியாயினர். இங்கிலாந்துத் திருச்சபையார் பெல்லையும், பிற சபையார் லங்காஸ்டரையும் தலைவராகக் கொண்டு, முறையைக் கண்டவர் யார் என்று பத்திரிகைகளிலும் மேடைகளிலும் ஆண்டுக்கணக்கில் வழக்காடினர். இருவரும் இத்துணை வழக்காடிய பொருளின் ஒரு பாதி, பெயர் தெரியாத ஒரு தமிழ் ஆசிரியர் தம் பள்ளியில் நாடோறும் செய்துவந்ததே என்பதை நினைக்க, நமக்கு நகைப்பும் வருத்தமும் ஒருங்கே எழுகின்றன.

பெல் மணலைப் பொறுத்தவரை கடனை மறைக்கவில்லை. மலபார்ப் பள்ளியிற் கண்டதென்று வெளிப்படையாக எழுதினார். பிள்ளையைக் கொண்டு பிள்ளைக்குக் கற்பித்தலோ தம் சொந்தக் கண்டுபிடிப்பென்றே சாதித்தார். எட்டு வயதுச் சிறுவனை அவர் அழைத்தது அவ்வேளையின் தேவையால்தான் என்பதை நம்புதற்கு இடமுண்டு. ஆயினும் இந்நாட்டில் அது புதிதன்று. 1623-இல் கன்னட நாட்டு இக்கேரியைச் சார்ந்த பகுதியில் வழிப்போக்கராய்ச் சென்ற பியேத்ரோ தெல்லா வல்லே என்னும் இத்தாலியர், கோயில் முகப்பிற் சில சிறுவர்கள் ஆசிரியர் இன்றியே ஒருவரோடொருவர் சேர்ந்து பாடி, நுண்மணலில் விரலால் எழுதிக் கணக்குக் கற்றதைக் கண்டு வியந்து எழுதியுள்ளார். பெல் சென்னையை விட்டுப் போய் இருபத்தாறு ஆண்டுகளுக்குப்பின், கவர்னர் தாமஸ் மன்றோ சென்னை மாகாணப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் செய்தார். 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் இருந்தமை அதனால் வெளிப்பட்டது. அக்கணக்கின்பொருட்டு 1823-இல் அறிக்கை எழுதிய பெல்லாரிக் கலெக்டர் காம்ப்பெல், மூத்த மாணாக்கர் இளையோர்க்குக் கற்பிக்கும் இந்நாட்டு வழக்கத்தைப் பாராட்டி, இங்கிலாந்தார் அதனை மேற்கொண்டது தக்கதே என்னும் கருத்தையும் அதிற் குறித்தார். தமிழகத்திற் சட்டாம்பிள்ளை என்னும் சொல்லே போதிய சான்று.

1811-இல் திருச்சபையார் ஏழைகளின் கல்விக்காகத் தேசியச் சங்கத்தை நிறுவியபோது, அதன் பள்ளிகள் எல்லாவற்றிலும் சென்னை முறையே வழங்க வேண்டுமென்று முடிவாயிற்று. அடுத்த ஆண்டு இலண்டன் பால்ட்வின்ஸ் கார்டன்ஸ் என்னும் இடத்தில் மையப் பள்ளி ஒன்று திறக்கப்பட்டது. பிள்ளைகளுக்குப் பள்ளியாகவும் ஆசிரியர்க்குப் பயிற்சிச் சாலையாகவும் அது விளங்கிற்று. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் உபாத்தியாயராக விரும்பிய ஆடவரும் பெண்டிரும் அங்கு வந்தனர். சொற்பொழிவு கேட்பது அவர்தம் வேலையாக இருக்கவில்லை. வளர்ந்தவர்களாகிய அவர்கள் சிறுபிள்ளைகளின் வகுப்புகளிலே இடம்பெற்று, முறை நடப்பதை உள்ளிருந்து கண்டு, பின்னர் வகுப்பு நடத்திப் பழகினர். கற்பித்தலைக் கற்கவேண்டிய இடம் வகுப்பறையே என்பதில் பெல் உறுதியாயிருந்தார். இக்கருத்து எக்காலத்துக்கும் பொருந்துவது.

ஆனால் பயிற்சிக் காலம் மிகக் குறுகியது. சில வாரங்களோ சில மாதங்களோ தங்கிவிட்டு, முறையின் வாய்பாட்டைக் கைக்கொண்டு அவர்கள் ஊர் திரும்பினர். செலவு குறைவு என்பதே நாளடைவில் முறையின் தலையாய பெருமையாகப் பேசப்பட்டது. நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் போதும் என்றால் எந்தக் கொடையாளர்க்குத்தான் இனிக்காது? எழும்பூரில், நாடோறும் வகுப்புக்கு வகுப்பு நடந்து, ஒவ்வொரு சிறுவனின் இடறலையும் அறிந்திருந்த பெல் ஒருவர் இருந்தார். இங்கிலாந்தின் பள்ளிகளில் அத்தகையவர் இல்லை. மணியடிப்பும் கட்டளையும் வரிசை மாற்றமும் இருந்தன. பிள்ளைகள் வாய்பாடாக ஒப்புவித்தனர். பொருளறிந்தாரா என்று கேட்பார் இலர். 1816-இல் பெல் சுவிட்சர்லாந்து சென்று, குழந்தையின் உள்ளத்தை அறிந்தே கற்பிக்க வேண்டுமென்ற பெஸ்டலாட்சியின் பள்ளியைப் பார்வையிட்டார். கற்றுக்கொள்ளத்தக்கது அங்குப் பெரிதாக ஒன்றுமில்லை என்ற எண்ணத்தோடே திரும்பினார். ஒரு தமிழ்ப் பள்ளியின் வாயிலில் குதிரையை நிறுத்தத் தெரிந்தவர்க்கு இவர்டன் பள்ளியில் நிற்கத் தெரியவில்லை. புகழ் இடையில் வந்து நின்றது போலும்.

முதுமையிற் பதவிகளும் பொருளும் குவிந்தன. 1809-இல் டர்ஹாமை அடுத்த ஷெர்பர்ன் அறச்சாலையின் தலைமையும், 1819-இல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துக் குருமார் குழுவில் இடமும் பெற்றார். ஊர் ஊராகச் சென்று பள்ளிகளைப் பார்வையிட்டார். முறையினின்று இம்மி வழுவிய ஆசிரியரையும் கடிந்தார். கவிஞர்களான சௌதி, வர்ட்ஸ்வொர்த், கோல்ரிட்ஜ் ஆகியோர் அவரை ஆதரித்தனர். சௌதி எழுதத் தொடங்கி அவர் மைந்தர் நிறைவு செய்த பெல்லின் வரலாறு, 1844-இல் மூன்று பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. 1832-ஆம் ஆண்டு ஜனவரி 27-ஆம் நாள் செல்டனம் நகரில் உயிர் நீத்து, வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் பெற்றார். அப்பொழுது சென்னை முறையைப் பின்பற்றிய பள்ளிகள் பன்னீராயிரத்திற்கு மேற்பட்டிருந்தன. அவருடைய எதிரியான லங்காஸ்டர் 1838-இல் நியூயார்க்கு நகரத் தெருவில் விபத்துக்குள்ளாகி இறந்தார்.

முறை நெடுநாள் நிற்கவில்லை. 1846-இல் பிரிட்டிஷ் அரசாங்கம், பதின்மூன்று வயதுக்கு மேற்பட்ட மாணாக்கரை ஐந்தாண்டுக் காலம் தலைமையாசிரியரிடம் பழகவிட்டுப் பின்னர் பயிற்சிக் கல்லூரிக்கு அனுப்பும் புதிய ஏற்பாட்டை வகுத்தது. சட்டாம்பிள்ளையின் இடத்தை மாணவ ஆசிரியர் பெற்றார். சென்னையிலும் 1856-இல் நார்மல் பள்ளி நிறுவப்பட்டது. அதுவே பிற்காலத்தில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாயிற்று. பெல்லின் பணமோ முறையினும் நீடித்து வேலை செய்தது. ஒரு இலட்சத்து இருபதினாயிரம் பவுன் மதிப்புள்ள செல்வத்தை அவர் ஸ்காத்லாந்துப் பள்ளிகள் முதலியவற்றின் பொருட்டு அறக்கட்டளையாக விட்டுச் சென்றார். அந்நிதியைக் கொண்டே 1876-இல் எடின்பரோ, செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆகிய இரு பல்கலைக்கழகங்களிலும் கல்வியியலுக்குப் பேராசிரியர் பதவிகள் ஏற்பட்டன. சைமன் லாரியும் ஜான் மெய்க்கிள்ஜானும் அவற்றின் முதற் பேராசிரியர்கள். சில வாரங்களில் ஆசிரியரை ஆக்கிவிடலாம் என்றிருந்தவரின் பொருளால், கற்பித்தல் பல்கலைக்கழகத்தில் வைத்து ஆராயத்தக்க துறையென்னும் மதிப்புப் பெற்றது.

மணலின் கதை இவ்வளவோடு நின்றுவிடவில்லை. 1939-இல் இத்தாலிய அம்மையாரான மரியா மாண்டிசோரி, எழும்பூரினின்று சில கல் தொலைவிலுள்ள அடையாற்றுக்கு வந்து, இந்நாட்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார். குழந்தை எழுத்தைக் கற்க அவர் அமைத்திருந்த கருவி, உப்புத்தாளில் வெட்டிய எழுத்து வடிவம். அதனைக் குழந்தை விரலாற் தடவி ஒலியைச் சொல்ல வேண்டும். எழுதுதல் முன்னும் வாசித்தல் பின்னும் வரும். ஐரோப்பாவிலே அவர் தாமே ஆராய்ந்து கண்ட முறை அது. திண்ணைப் பள்ளியிற் பயின்ற முதியோர் எவரேனும் அதனைக் கண்டிருப்பின், புதுமையென்று கருதியிருக்கமாட்டார். 2022-இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின்கீழ், முதல் மூன்று வகுப்புகளின் ஆசிரியர்கள் திருவண்ணாமலை உள்ளிட்ட மாவட்டங்களிற் பயிற்சி பெற்றனர். பெல் எதிர்ப்பட்ட வினாவே அவர்களுக்கும் எதிர்ப்பட்டது: ஒரே வகுப்பில் எழுத்தறிந்த பிள்ளையும் அறியாத பிள்ளையும் கலந்திருக்கையில், ஓர் ஆசிரியர் எவ்வாறு இருவர்க்கும் பயன்படுவது?

எழும்பூர் அநாதைச் சாலை 1870-ஐ அடுத்த ஆண்டுகளில் நீலகிரியிலுள்ள லாரன்ஸ் சாலையோடு இணைக்கப்பட்டது. பழைய கோட்டை இருந்த நிலத்தில் எழும்பூர்ப் புகைவண்டி நிலையம் எழுந்து, 1908-இல் திறக்கப்பட்டது. தெற்கேயிருந்து சென்னை செல்லும் நம் மாணாக்கர் பலர் இறங்கி நடப்பது ஃபிரிஸ்கின் வகுப்பு நடத்திய இடத்தருகேதான். பெல் பிறந்த ஊரில் அவர் பொருளால் 1833-இல் திறக்கப்பட்ட பள்ளிக்கு மெட்ராஸ் கல்லூரி என்று பெயர். மெட்ராஸ் என்னும் பெயரை 1996-இல் சென்னை துறந்துவிட்டது. செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்துப் பிள்ளைகள் அப்பெயர் தாங்கிய பள்ளிக்கே நாடோறும் படிக்கச் செல்கின்றனர்.